அக்டோபரில் கல்வராயன் மலைக்கு இலையுதிர்காலம் பார்க்கப் போகலாமா?

எங்கள் நண்பர்கள் கூட்டத்துக்கு ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் கடைசியில் ஒரு காய்ச்சல் வரும். யாராவது ஒருத்தனுடைய அண்ணனோ அக்காவோ அமெரிக்காவில் இருப்பார்கள். அவர்கள் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் காரில் போய், ரோட்டின் இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள் நெருப்பு மாதிரி சிவந்து நிற்பதைப் படம் எடுத்து அனுப்புவார்கள். அவ்வளவுதான். அன்று ராத்திரியே திட்டம் ஆரம்பித்துவிடும்.

"மச்சி, நாமளும் ஒரு ஃபால் டிரிப் போடுவோம்டா. கல்வராயன் மலை பக்கத்துலதான இருக்கு? ஆயுத பூஜை லீவுல பைக்ல போயிட்டு வந்துடலாம்."

யார் பைக், பெட்ரோலுக்கு எவ்வளவு, ராத்திரி எங்கே தங்குவது என்று எல்லாம் பேசி முடித்தோம். ஒரே ஒரு கேள்வியைத்தான் யாரும் கேட்கவில்லை. அதை என் பாட்டி கேட்டார்.

"ஏன்டா தம்பி, புரட்டாசி ஐப்பசியில எந்த மரம்டா இலையைக் கொட்டும்? அப்பதானடா மழையே பெய்யும். இலை கொட்டுறதப் பாக்கணும்னா மாசி மாசம் வா. வாசல் பெருக்கியே என் இடுப்பு ஒடிஞ்சிடும்."

சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் யோசிக்க யோசிக்க பாட்டி சொன்னதுதான் சரி என்று பட்டது. பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் படித்த எங்கள் யாருக்கும் இது தோன்றவில்லை என்பதுதான் வெட்கமாக இருந்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் நாம் படித்த பாடத்தைப் பார்ப்போம். சின்ன வகுப்புகளில் பருவங்கள் நான்கு என்று சொல்லிக் கொடுத்தார்கள். வசந்த காலம், கோடை காலம், இலையுதிர் காலம், குளிர் காலம். இலையுதிர் காலம் என்றால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. படத்தில் ஆரஞ்சு நிற மரம் ஒன்று நிற்கும். நாங்களும் க்ரேயான் எடுத்து அப்படியே வரைந்து கொடுத்து மார்க் வாங்கினோம். அந்தப் படம் வரைந்துகொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, மரமெல்லாம் கரும்பச்சையாக நின்றது. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பிறகு பெரிய வகுப்பில் புவியியல் வந்தது. அதில் "இலையுதிர் காடுகள்" என்று ஒரு பாடம். இந்தியாவில் பரவலாக இருப்பது இந்தக் காடுதான், வறண்ட கோடையில் ஆறு முதல் எட்டு வாரம் வரை இந்த மரங்கள் இலை உதிர்த்துவிடும் என்று அதையும் மனப்பாடம் செய்தோம். ஆக, நாம் படித்த பாடத்திலேயே இலையுதிர் காலம் அக்டோபரில் வருகிறது, இலையுதிர் காடு கோடையில் உதிர்க்கிறது! இந்த முரண்பாட்டை நான் கேட்டதில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும் கேட்டதில்லை. பரீட்சையில் இரண்டும் தனித்தனி கேள்வியாகத்தானே வருகிறது?

ஏன் இந்த வித்தியாசம்? குளிர் நாட்டில் இருக்கும் மரத்துக்கு எதிரி குளிர். வெர்மான்ட் பூமத்திய ரேகையிலிருந்து ரொம்ப வடக்கே இருக்கிறது. அங்கே ஜூனின் நீண்ட பகலுக்கும் டிசம்பரின் குறுகிய பகலுக்கும் ஆறு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். பகல் குறைந்து ராத்திரி குளிர ஆரம்பித்ததும் மரம் கடையைக் கட்டத் தயாராகிறது. இலையில் இருக்கும் பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சையத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த கரோட்டினாய்டு என்ற மஞ்சள் நிறம் வெளியே தெரிகிறது. மேப்பிள் மாதிரி மரங்களில் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறம் அப்போது புதிதாகவே உண்டாகிறது. பகலில் நல்ல வெயிலும் ராத்திரியில் உறையாத குளிரும் சேர்ந்தால் சிவப்பு இன்னும் அழகாக வரும்.

கள்ளக்குறிச்சியில் வருடம் முழுவதும் பார்த்தாலும் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்கூட வித்தியாசம் கிடையாது. மார்கழிக் குளிரில் நாம் கம்பளி தேடலாம், ஆனால் மரம் செத்துப்போகிற குளிர் அது இல்லை. நம் மரத்துக்கு எதிரி தண்ணீர்ப் பஞ்சம். தமிழ்நாட்டுக்கு வருடத்தில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் உள்ள வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. மரத்துக்கு அது விருந்துக் காலம். விருந்து நடக்கும்போது யாராவது இலையை எடுப்பார்களா? பொங்கல் முடிந்து, மண் காய ஆரம்பித்து, மாசி வெயில் ஏறியதும்தான் மரம் கணக்குப் போடுகிறது. இலை இருந்தால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அதனால் இலையை உதிர்த்துவிடு என்று முடிவு செய்கிறது.

நம் முன்னோருக்கு இது தெரியாமல் இல்லை. அவர்கள் வருடத்தை ஆறாகப் பிரித்தார்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இதில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். மழையும் குளிர்ந்த காற்றும் சேர்ந்த காலம். "இலையுதிர் காலம்" என்ற பெயர் இந்த ஆறில் எங்குமே இல்லை. மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். சருகு விழுவது அப்போதுதான்.

சரி, இப்போது கல்வராயன் மலைக்கு வருவோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. சேர்வராயன், ஜவ்வாது, பச்சைமலை எல்லாம் இதன் பங்காளிகள். வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என்று இரண்டு பிரிவு. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் செயல்பட ஆரம்பித்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு பக்கம், சேலம் மாவட்டத்தில் ஒரு பக்கம் என்று பரந்து கிடக்கிறது. அடிவாரத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம் வரைக்கும் முள்ளும் புதரும் உள்ள காடு. 400 முதல் 800 மீட்டர் வரைக்கும் இலையுதிர் காடு. அதற்கு மேலே சமதளமான மேட்டு நிலம், அங்கே ஊர்கள், மரவள்ளி வயல், ஆங்காங்கே சோலை. ஆக, ஒரே மலை ஏற்றத்தில் மூன்று விதமான காட்டைப் பார்க்கலாம்.

இந்த மலையின் ஒரு வருடத்தை இப்படிச் சொல்லலாம்:

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: மலை முழுக்கப் பச்சை. மேகம் அருவியும் பெரியார் அருவியும் நிறைந்து விழும். அடிவாரத்தில் கோமுகி அணைக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். அருவி பார்க்க வேண்டுமென்றால் இதுதான் நேரம் (வெள்ளம் அதிகமானால் குளிக்கத் தடை போடுவார்கள், கேட்டுக்கொண்டு போவது நல்லது). ஆனால் உதிர்கிற இலையைத் தேடினால் ஏமாற்றம்தான்.

ஜனவரி, பிப்ரவரி: நிறம் மாற ஆரம்பிக்கும். வெக்காலி மரத்தின் இலை செம்பு நிறமாகிவிடும். மற்ற மரங்கள் மஞ்சளாகி, பழுப்பாகி, சருகாகும். ஒதியன் மரம் மொட்டையாக நிற்கும்.

பிப்ரவரி, மார்ச்: இலை இல்லாத மரத்தில் பூ மட்டும் இருக்கும். முள்ளிலவு மரத்தில் ரத்தச் சிவப்பில் பெரிய பெரிய பூ. புரச மரத்தில் ஆரஞ்சுப் பூ. கோங்கு மரத்தில் பளீர் மஞ்சள். தூரத்திலிருந்து பார்த்தால் பழுப்புக் காட்டுக்கு நடுவே யாரோ விளக்கு ஏற்றி வைத்த மாதிரி இருக்கும்.

மார்ச் கடைசி, ஏப்ரல்: இதுதான் என்னைப் பொறுத்தவரை நம்முடைய "சீசன்". தளிர் வரும் நேரம். இலுப்பை மரம் செம்புச் சிவப்பில் தளிர்க்கும். அரச மரம் இளஞ்சிவப்பில் மின்னும். மாமரக் கொழுந்தும் வேப்பங்கொழுந்தும் அப்படித்தான். புங்க மரம் மட்டும் கண் கூசுகிற இளம்பச்சை. இன்னும் மழையே வந்திருக்காது! கொளுத்துகிற வெயிலில், தண்ணீர் இல்லாத காலத்தில், ஆழத்தில் போன வேரையும் தண்டில் சேர்த்து வைத்த ஈரத்தையும் நம்பி மரம் தளிர் விடுகிறது.

தளிர் ஏன் சிவப்பாக இருக்கிறது? மேப்பிள் இலையைச் சிவக்க வைக்கிற அதே ஆந்தோசயனின்தான் இங்கேயும் வேலை செய்கிறது. பச்சையம் முழுதாக உருவாகாத பிஞ்சு இலையைக் கடும் வெயிலிலிருந்து காப்பாற்ற என்று சிலர் சொல்கிறார்கள். பூச்சிகளின் கண்ணிலிருந்து தப்பிக்க என்று சிலர் சொல்கிறார்கள். காரணம் எதுவானாலும் விஷயம் இதுதான். அவர்கள் ஊரில் இலை சாகும்போது சிவக்கிறது. நம் ஊரில் இலை பிறக்கும்போது சிவக்கிறது. காவோலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்தது என்று ஒரு பழமொழி உண்டே, நம் காட்டில் அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் போக வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் நாம் இதைக் கொண்டாடிக்கொண்டுதான் இருக்கிறோம். சித்திரை 1 அன்று வீட்டில் வேப்பம்பூப் பச்சடி வைக்கிறார்களே, எதற்காக? பழைய இலையைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் துளிர்த்துப் பூத்த வேம்பு அப்போதுதான் வாசலில் நிற்கிறது. ஜப்பான்காரர்கள் சிவந்த இலையைப் பார்க்கப் போவதற்கு மொமிஜிகாரி என்று பெயர் வைத்து ஊர் ஊராகப் போகிறார்கள். காஷ்மீரில் அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரை சினார் மரங்கள் சிவப்பதைப் பார்க்க ஆட்கள் போகிறார்கள். அது அவர்கள் ஊர்க் காலண்டர். நாம் மட்டும் நம் காலண்டரை விட்டுவிட்டு அவர்கள் காலண்டரோடு நம் மலைக்குப் போகப் பார்க்கிறோம். போய்ப் பார்த்துவிட்டு "இங்க ஒண்ணுமே இல்லடா" என்று திரும்பி வருகிறோம். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். மலையில் ஒன்றும் இல்லாமல் இல்லை. நாம் போன தேதி தப்பு.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். என் நண்பனே கேட்டான். "சரிடா, மார்ச்சுல போகச் சொல்ற. அப்பதான காட்டுத்தீ பிடிக்கும்?"

உண்மைதான். இதை மறைத்து எழுதினால் நான் செய்வது தப்பு. அழகான சருகுதான் காட்டுக்கு எரிபொருளும். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, ஆஸ்பத்திரியில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் உயிரிழந்தார்கள். எல்லாம் நம்மைப் போல லீவு நாளில் மலை பார்க்கப் போனவர்கள். அதே வருடம் அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024ல் வனத்துறை ஆரம்பித்த மலையேற்றத் திட்டத்தின் பாதைகளைக்கூட 2025ல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரைக்கும் தீ பயத்தினால் மூடி வைத்தார்கள். காட்டுத்தீ தானாகப் பிடிப்பது நம் ஊரில் அபூர்வம். பெரும்பாலும் மனிதன் வைத்த தீ, அல்லது மனிதன் அணைக்காமல் போட்ட தீ.

அதனால் நான் சொல்வது இது. தளிர் பார்க்கக் காட்டுக்குள் போக வேண்டியதே இல்லை. ரோடு போதும். இந்தப் பயணத்துக்கு ரோடு பயணம்தான் சரியான வடிவம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், அங்கிருந்து கோமுகி அணை, பிறகு மலைப்பாதையில் ஏறி வெள்ளிமலை, அப்படியே சேலம் மாவட்டத்துக் கருமந்துறை, கீழே இறங்கினால் தும்பல், பெத்தநாயக்கன்பாளையம். அங்கே சேலம் உளுந்தூர்பேட்டை தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து ஆத்தூர், சின்னசேலம் வழியாகத் திரும்ப கள்ளக்குறிச்சி. ஒரு வட்டம். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். நிறம் பார்க்க வேண்டியது அடிவாரத்துக்கும் மேட்டு நிலத்துக்கும் நடுவே உள்ள ஏற்றத்தில். அங்கே வண்டியை மெதுவாக ஓட்டினால் போதும்.

சில கட்டுப்பாடுகளை எங்களுக்கு நாங்களே எழுதி வைத்திருக்கிறோம்:

1. தீப்பெட்டி, லைட்டர், சிகரெட், அடுப்பு எதுவும் கிடையாது. கேம்ப் ஃபயர் என்ற பேச்சே கூடாது. சாப்பாடு வீட்டிலிருந்து புளிசாதம், அல்லது வெள்ளிமலையில் ஹோட்டல்.

2. ரோட்டை விட்டு இறங்கிக் காட்டுக்குள் போகக் கூடாது. காய்ந்த சருகின் மேல் சூடான சைலன்சரோடு வண்டியை நிறுத்தக் கூடாது.

3. கிளையை ஒடிக்கக் கூடாது. தளிர் என்பது மரம் பஞ்ச காலத்தில் கையில் இருந்த கடைசிச் சேமிப்பைப் போட்டு ஆரம்பித்த தொழில். செல்ஃபிக்காக அதை ஒடிப்பது பாவம்.

4. பாட்டில், பிளாஸ்டிக் எல்லாம் திரும்ப வீட்டுக்கு.

5. அந்த மாதங்களில் மலைவாசிகள் புளி உலுக்கும் வேலையில் இருப்பார்கள். அவர்கள் வேலைக்கு நடுவே போய் கேமராவை நீட்டக் கூடாது. பேச விருப்பமிருந்தால் வணக்கம் சொல்லிப் பேசலாம். வீட்டுக்கு வேண்டிய புளியை அங்கேயே வாங்கலாம்.

ஐந்தாவது விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கல்வராயன் மலை பேப்பரில் வந்தாலே அது சாராய ரெய்டு செய்தியாகத்தான் இருக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தபோது நாடு முழுக்க எங்கள் ஊர்ப் பெயர் அடிபட்டது. அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைப் பற்றித் தானாகவே வழக்கு எடுத்து, ரோடு உண்டா, பஸ் உண்டா என்றெல்லாம் அரசைக் கேட்டது. நாங்கள் டிரிப் அடிக்கத் தேடுகிற அதே ரோட்டைத்தான் ஒரு கர்ப்பிணி ஆஸ்பத்திரிக்குப் போகத் தேடுகிறாள். இது தெரிந்து போக வேண்டும். நம் பயணத்தால் அந்த மலைக்கு ஒரு பெரிய நல்லது நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே இலுப்பை மரம் எப்போது சிவக்கும் என்று தெரிந்தவனுக்கு அந்த மலை வெறும் ரெய்டு செய்தியாக இருக்க முடியாது.

கடைசியாக ஒரு யோசனை. அமெரிக்காவில் எந்த வாரம் எந்த ஊரில் இலை சிவக்கும் என்று வரைபடமே போடுகிறார்கள். நமக்கு அப்படி ஒன்று இல்லையே என்று புலம்புவதை விட நாமே ஆரம்பிக்கலாம். இந்தியாவில் 2010 முதல் சீசன்வாட்ச் என்ற திட்டம் நடக்கிறது. உங்கள் தெருவில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒரு முறை அது தளிர்த்ததா, பூத்ததா, காய்த்ததா என்று பார்த்து எழுதி அனுப்பினால் போதும். கேரளத்தில் பள்ளி மாணவர்கள் நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள். வெயில் வருடா வருடம் மாறிக்கொண்டிருக்கும்போது, கள்ளக்குறிச்சியில் வேம்பு எந்த வாரம் துளிர்த்தது என்ற சின்னக் குறிப்புக்குக்கூட நாளைக்கு மதிப்பு உண்டு. இதற்கு மலை ஏற வேண்டியதுகூட இல்லை. ஸ்கூல் மைதானத்தில் நிற்கிற பாதாம் மரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். நாட்டு வாதுமை என்று சொல்வோமே, அதன் பெரிய இலை விழும் முன்னால் மேப்பிளுக்குச் சவால் விடுகிற மாதிரி சிவக்கும். அதைப் பொறுக்கி நோட்டுக்குள் வைத்துக்கொண்டே, அக்டோபர் மரத்தை ஆரஞ்சு க்ரேயானால் வரைந்தவர்கள் நாங்கள்!

ஆயுத பூஜை டிரிப்பை நாங்கள் ரத்து செய்யவில்லை. அருவி பார்க்கப் போவதாக மாற்றிக்கொண்டோம். இலை பார்க்கிற டிரிப்பைப் பங்குனிக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். தேதியை மட்டும் நாங்கள் முடிவு செய்யவில்லை. பாட்டி வீட்டு வாசலில் இருக்கிற வேப்பமரம் துளிர்த்ததும் சொல்லி அனுப்புவதாகப் பாட்டி சொல்லியிருக்கிறார்.

உங்கள் வாசல் மரம் எந்த மாதம் இலை கொட்டுகிறது? ஒரு தடவை பார்த்து வையுங்கள்.